ஈயத்துக்கு ஆங்கிலம், மீன் பெயருக்குத் தமிழ்

கேள்வி: கடலூரில் ஒரு கல்லூரியில் விலங்கியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். உப்பனாற்றுக் கழிமுகத்து மீன்களில் ஈயமும் காட்மியமும் எவ்வளவு சேர்ந்திருக்கின்றன என்பது ஓர் அத்தியாயம். கடலூர் முதுநகரிலிருந்து பரங்கிப்பேட்டை வரை மீனவர்கள் மீன்களுக்கும் காற்றுகளுக்கும் வழங்கும் பெயர்கள் இன்னோர் அத்தியாயம். “எல்லாத்தையும் இங்கிலீஷ்ல போடு, தமிழ்ல போட்டா எதுக்கும் கணக்குல வராது” என்கிறார் கைடு. ஒரு தமிழ் ஆய்விதழிலிருந்து கட்டுரை கேட்டிருக்கிறார்கள். மாதிரி எடுக்கப் படகு கொடுத்து உதவியவர்களோ, “எங்க ஆத்தப் பத்தி எழுதுனத எங்களுக்கும் படிக்கக் குடும்மா” என்கிறார்கள். ஒரே கட்டுரையை இரண்டு மொழியிலும் போட்டால் தவறா? என் ஆங்கிலமும் சுமார்தான். என்ன செய்யட்டும்?
— ஆய்வு மாணவி, கடலூர்

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

ஆய்வு முழுவதற்கும் ஒரே மொழியைத் தேர்ந்தெடுக்கப் பார்க்கிறீர்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ஒவ்வொரு முடிவையும் தனியாக எடுத்து, ‘இது தப்பு என்று சொல்லக்கூடிய தகுதி யாருக்கு இருக்கிறது?’ என்று கேளுங்கள். ஈயத்தின் அளவு சரியா என்று சோதிக்க வேண்டியவர்கள் உலோகப் பகுப்பாய்வு செய்யும் ஆய்வகத்துக்காரர்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழ் அறியாதவர்கள். ‘இந்த மீனுக்கு எங்க ஊர்ல அந்தப் பேரு கிடையாதே’ என்று சொல்ல வேண்டியவர்கள் துறைமுகத்தில் இருக்கிறார்கள். ஆகவே முதல் அத்தியாயம் முதலில் ஆங்கிலத்தில் வரட்டும், பிறகு தமிழில். இரண்டாவது முதலில் தமிழில், பிறகு வேறு வடிவத்தில் ஆங்கிலத்தில்.

கைடு சொல்வதில் பாதி சரி. உதவிப் பேராசிரியர் பணிக்கு நேர்காணல் அழைப்புப் பட்டியல் போடுவதற்கு பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறை தரும் அட்டவணையில், துறை வல்லுநர்களின் மதிப்பாய்வு பெற்ற இதழில் வந்த ஒவ்வொரு கட்டுரைக்கும் 2 மதிப்பெண். பல்கலைக்கழகப் பணிக்கு உச்சவரம்பு 10, கல்லூரிப் பணிக்கு 6. பதவி உயர்வுக்கான ஆய்வு மதிப்பீட்டில் அறிவியல் கட்டுரைக்கு 8, கலை, மொழித் துறைகளின் கட்டுரைக்கு 10. இந்த அட்டவணைகளில் ‘மொழி’ என்று ஒரு கட்டமே இல்லை. தமிழில் எழுதியதற்காக யாரும் உங்கள் மதிப்பெண்ணைக் குறைக்க முடியாது. மொழி பின்கதவு வழியாகத்தான் நுழைகிறது. பதவி உயர்வுக் கணக்கில் தாக்கக் காரணி (இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற எண்) உள்ள இதழ்களுக்குக் கூடுதல் புள்ளி உண்டு; அந்தக் காரணி கணக்கிடப்படும் இதழ்களில் மிகப் பெரும்பாலானவை ஆங்கில இதழ்கள். 

அடுத்து, எது ‘ஏற்கத்தக்க இதழ்’ என்பது. 2019 முதல் அதற்கு யுஜிசி-கேர் பட்டியல் இருந்தது. 2025 பிப்ரவரியில் யுஜிசியே அதைக் கைவிட்டது. இப்போது அந்தந்தப் பல்கலைக்கழகம் வகுத்துக்கொள்ளும் அளவுகோல்தான். முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற யுஜிசியின் கட்டாயமும் 2022 விதிமுறையோடு போய்விட்டது. ஆனால் பல்கலைக்கழகம் தன் அளவில் அதை வைத்திருக்கலாம். எனவே எங்கும் அனுப்புவதற்கு முன், பல்கலைக்கழக ஆய்வுப் பிரிவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ‘மதிப்பாய்வு பெற்ற, ஐஎஸ்எஸ்என் (இதழ்களுக்கான பன்னாட்டு எண்) உள்ள தமிழ் இதழில் வரும் கட்டுரை ஏற்கப்படுமா? இதழின் பெயர் இது’ என்று ஒரே கேள்வி. பதிலைக் காகிதத்தில் வாங்குங்கள். ‘அதெல்லாம் ஒத்துக்குவாங்க’ என்று வராந்தாவில் சொன்னது நேர்காணல் மேசையில் செல்லாது.

ஆங்கிலத்துக்கு இந்த எடை எப்படி வந்தது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். யூஜீன் கார்ஃபீல்டு 1964-இல் அறிவியல் மேற்கோள் அட்டவணையை வெளியிட்டபோது, எந்தக் கட்டுரையை எந்தக் கட்டுரை மேற்கோள் காட்டுகிறது என்று எண்ணத் தொடங்கினார். எண்ணப்படும் கூடைக்குள் எந்த இதழ் இருக்கிறதோ அதற்குத்தான் எண்ணிக்கை. கூடைக்கு வெளியே இருப்பவை எவ்வளவு நல்லவையானாலும் சுழியம். கூடையில் நிறைய ஆங்கில இதழ்கள் இருந்ததால் ஆய்வாளர்கள் அங்கே போனார்கள். அவர்கள் போனதால் அந்த இதழ்கள் இன்னும் கனத்தன. 2004-இல் வந்த ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளம், கட்டுரை ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்று கேட்பதில்லை. தலைப்பும் சுருக்கமும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், மேற்கோள் பட்டியல் ரோமன் எழுத்தில் இருக்க வேண்டும், மதிப்பாய்வு நடக்க வேண்டும், ஐஎஸ்எஸ்என் வேண்டும், இதழ் குறைந்தது இரண்டு ஆண்டாக வந்துகொண்டிருக்க வேண்டும். இதையெல்லாம் ஒழுங்காகச் செய்கிற தமிழ் இதழ் அந்த வாசலைத் தட்டலாம். தட்டாமல் இருப்பதற்கான காரணங்களில் பல, ஆங்கில ஆதிக்கத்தைவிட நம் அச்சுக்கோப்புப் பழக்கத்தோடு தொடர்புடையவை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மொழி ஒரு கண்டுபிடிப்பின் தலைவிதியில் எவ்வளவு பங்கு வகிக்கும் என்பதற்குப் பக்கத்திலேயே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில், எடுத்துக்காட்டு இருக்கிறது. புதுச்சேரியை ஒட்டிய பழந்துறைமுகமான அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் 1945-இல் தோண்டினார். அறிக்கை அடுத்த ஆண்டே இந்தியத் தொல்லியல் துறையின் இதழில் ஆங்கிலத்தில் வந்துவிட்டது. 1947-48-இல் அதே இடத்தில் ழான்-மரி கசால் தோண்டினார். அவர் அறிக்கை 1949-இல் பாரிசில் பிரெஞ்சில் வெளியானது. இன்று அரிக்கமேடு என்றதும் எந்த மாணவரும் சொல்வது வீலரின் பெயரை. மொழி ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். வீலர் தொல்லியல் துறைத் தலைவர், வேகமாக வெளியிட்டார், இத்தாலிய மட்பாண்டத்தைக் கொண்டு காலத்தைக் கணித்ததும் பேசுபொருளானது. ஆனாலும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த மண்ணைப் பற்றிப் பிரெஞ்சில் எழுதியதை இந்திய மாணவர் படிக்கவில்லை என்பதும் உண்மை. விமலா பெக்லி 1989 முதல் 1992 வரை செய்த மறு அகழாய்வின் இரண்டு தொகுதிகளையும் 1996-இலும் 2004-இலும் வெளியிட்டது பிரெஞ்சு நிறுவனம் ஒன்றுதான், வெளியிட்டது ஆங்கிலத்தில்.

எதிர்த்திசையிலும் ஓர் எடுத்துக்காட்டு சொல்லியாக வேண்டும். சீனாவில் பன்றிகளுக்குப் பறவைக் காய்ச்சல் வைரஸ் தொற்றியதைச் சீன மொழி இதழ்கள் வெளியிட்டிருந்தும், 2004-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் கண்ணுக்கு அது முதலில் படவே இல்லை. பிழை எழுதியவர்கள் மேல் என்பதா, படிக்காதவர்கள் மேல் என்பதா? எனக்கு இரண்டாவதுதான். ஆனால் உங்கள் மீனில் ஈயம் இருப்பது வெளியே தெரிய வேண்டுமானால், படிக்காதவர்கள் திருந்தும்வரை காத்திருக்க முடியாது.

இனி முதல் அத்தியாயம். ‘என் ஆங்கிலம் சுமார்’ என்பதற்காகக் கூச வேண்டாம். 8 நாடுகளைச் சேர்ந்த 908 சுற்றுச்சூழல் ஆய்வாளர்களிடம் நடத்தி 2023-இல் வெளியான ஆய்வு ஒன்று இதை அளந்திருக்கிறது. ஆங்கிலப் புலமை குறைந்த நாட்டு இளம் ஆய்வாளர் ஒரு கட்டுரையைப் படிக்க, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரைவிட 90.8 விழுக்காடு வரை கூடுதல் நேரம் செலவிடுகிறார், எழுத 50.6 விழுக்காடு. ‘ஆங்கிலத்தைத் திருத்தி அனுப்பு’ என்று கேட்கப்படும் வாய்ப்பு 12.5 மடங்கு. ஒரு மாத வேலை என்று போட்ட திட்டத்தை ஒன்றரை மாதமாகப் போட்டுக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

மதிப்பாய்வாளர் ‘ஆங்கிலம் சரியில்லை’ என்று எழுதும்போது பலமுறை அவர் சொல்ல வருவது இலக்கணத்தை அல்ல. தமிழில் நாம் காலம், இடம், சூழல் எல்லாம் சொல்லிக் கடைசியில் வினையில் வந்து இறங்குவோம்: ‘வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், சிப்காட்டை ஒட்டிய மூன்று இடங்களில் பிடித்த மடவையின் ஈரலில், மற்ற இடங்களோடு ஒப்பிடும்போது, ஈயம் கூடியிருந்தது.’ தமிழில் இதில் ஒரு குறையும் இல்லை. இதே வரிசையில் ஆங்கிலத்துக்குப் போனால் படிப்பவர் எது கூடியது என்று தெரியாமலே மூன்று காற்புள்ளி தாண்ட வேண்டியிருக்கிறது. ஆகவே ஒவ்வொரு பத்தியையும் எழுதியபின் அதன் கடைசி வாக்கியத்தைத் தூக்கி முதலில் வைத்துப் பாருங்கள். பாதிப் பத்திகள் அதிலேயே தெளிந்துவிடும். அஃறிணைக்குத் தமிழில் ‘கள்’ விகுதி கட்டாயமில்லை (‘மூன்று மீன்’ என்போம்), அந்தப் பழக்கத்தால் ஆங்கிலத்தில் பன்மை விடுபடும். முறைகள் பகுதியை இதற்காக மட்டும் ஒருமுறை தனியாக வாசியுங்கள்.

மொழியைவிட இந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பக் காரணமாவது வேறு. சான்றளிக்கப்பட்ட ஒப்பீட்டு மாதிரியை (உலோக அளவு முன்பே தெரிந்தது) உங்கள் மாதிரியோடு சேர்த்து ஓட்டினீர்களா, அதில் ஈயம் எத்தனை விழுக்காடு மீட்கப்பட்டது, வெற்று மாதிரியில் என்ன வந்தது, கருவியின் கண்டறியும் கீழ்வரம்பு எவ்வளவு: இந்த நான்கும் இல்லாவிட்டால் எவ்வளவு அழகான ஆங்கிலமும் காப்பாற்றாது. இருந்தால் சுமாரான ஆங்கிலமும் போதும். காசு செலவழிக்க இருந்தால் மொழித் திருத்தச் சேவைக்குக் கொடுப்பதற்கு முன் இதற்குக் கொடுங்கள்.

அனுப்பும் இதழ் பற்றி ஒரு வார்த்தை. ‘48 மணி நேரத்தில் ஏற்பு’ என்று வாட்ஸ்ஆப்பில் அழைப்பு வந்தால், அது தமிழாக இருந்தாலும் ஆங்கிலமாக இருந்தாலும் வேண்டாம். ஸ்கோபஸில் இருப்பதாக இதழே தன் இணையப் பக்கத்தில் போட்டிருப்பதை நம்பாமல், ஸ்கோபஸின் இதழ்ப் பட்டியலில் ஐஎஸ்எஸ்என் எண்ணைக் கொண்டு தேடுங்கள். பெயரைக் கொண்டு தேடாதீர்கள், ஒரே பெயரில் போலி இதழ்கள் உண்டு. கைவிடப்பட்ட இதழா என்பதும் அங்கேயே தெரியும். கட்டணம் கேட்காத சந்தா வழி இன்னும் பல நல்ல இதழ்களில் இருக்கிறது. யாரும் இலவசமாகப் படிக்கத் திறந்துவிடும் ‘திறந்த அணுக்க’த்துக்குத்தான் ஆயிரக்கணக்கான டாலர். 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தால் அரசு உயர்கல்வி நிறுவனங்கள் சுமார் 13,000 இதழ்களைப் படிக்க முடிகிறது. அரசுக் கல்லூரியில் இருக்கும் ஆசிரியருக்கு உங்கள் கட்டுரை கிடைக்கும். தனியார் கல்லூரிக்கும் துறைமுகத்துக்கும் கிடைக்காது.

இரண்டாவது அத்தியாயத்துக்கு வருவோம். இதன் தரவே தமிழ். வஞ்சிரம் என்று இங்கே சொல்வதைத் தெற்கே சீலா என்கிறார்கள், குமரிப் பக்கம் நெய்மீன். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்ற காற்றுப் பெயர்களில் வாடையும் கொண்டலும் ஓரளவு நிலையாக நிற்கும். கச்சான் ஊருக்கு ஊர் திசை நகரும். இதை ஆங்கிலத்தில் எழுதினால் ஒவ்வொரு பெயரையும் ரோமன் எழுத்தில் எழுத வேண்டும். அங்கே ழகரமும் ளகரமும் லகரமும் ஒரே எழுத்தாகிவிடும், றகரம் ரகரமாகும். ஐஎஸ்ஓ 15919 முறைப்படி ழகரத்துக்கு எல்லின் கீழ்க் கோடும், ளகரத்துக்கு எல்லின் கீழ்ப் புள்ளியும் வைத்தால் வேறுபாடு நிற்கும். ஆனால் அச்சுக்கோப்பவர் கையில் கோடும் புள்ளியும் உதிர்வதற்கு வாய்ப்பு அதிகம். மெய்ப்பு வந்தவுடன் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

தமிழில் வெளியிடும்போது வேறுவகை ஆபத்து: நம் மெய்ப்புத் திருத்துநரின் நல்லெண்ணம். மீனவர் ‘வவ்வா’ என்றால் அவர் ‘வவ்வால்’ ஆக்குவார், ‘கொடுவா’ என்றால் ‘கொடுவாய்’ ஆக்குவார். உங்கள் ஆய்வின் உயிரே அந்தப் பேச்சு வடிவம். ஆகவே அட்டவணையில் பேச்சு வடிவத்துக்கு ஒரு நிரலும் எழுத்து வடிவத்துக்கு ஒரு நிரலும் தனித்தனியாக வைத்து, தலைக்குறிப்பில் ‘முதல் நிரலைத் திருத்த வேண்டாம்’ என்று எழுதிவிடுங்கள். மற்ற நிரல்கள்: ஊர், சொன்னவரின் வயது, தொழில் செய்த ஆண்டுகள், அறிவியல் பெயர், அந்த அடையாளத்தை எப்படி உறுதி செய்தீர்கள் (படமா, பாதுகாத்த மாதிரியா, சொல்லை மட்டும் வைத்தா), ஒலிப்பதிவு எண். சொன்னவரின் பெயரைப் போட வேண்டாம். அவரே எழுத்தில் ஒப்புக்கொண்டால் நன்றியுரையில் போடலாம். சொல்லை மட்டும் வைத்து அடையாளம் கண்டவற்றை மறைக்காதீர்கள். நாளைக்கு வேறு ஒருவர் வந்து சரிபார்க்கத் தொடங்குவது அந்த வரிகளில்தான்.

இந்த அட்டவணையைக் கட்டுரையோடு முடக்காமல் தனித் தரவுத் தொகுப்பாகச் சனோடோ தளத்தில் ஏற்றுங்கள். ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் நடத்துவது. கட்டணமில்லை, டிஓஐ எண் (மாறாத இணைய அடையாளம்) உடனே கிடைக்கும், தமிழ் எழுத்தை அப்படியே ஏற்கும். பிறகு தமிழ்க் கட்டுரை அந்த டிஓஐ-யை மேற்கோள் காட்டும். ஆறு மாதம் கழித்து, ‘பெயர்கள் ஏன் கழிமுகத்துக்குத் தெற்கே மாறுகின்றன’ என்பது போன்ற ஒரு தனிக் கேள்வியை எடுத்துக்கொண்டு ஆங்கிலத்தில் எழுதும் கட்டுரையும் அதையே காட்டும். இரண்டும் வேறு வேறு கட்டுரைகள், ஒரே தரவு, ஒளிக்க ஒன்றுமில்லை.

தமிழ் இதழைப் பொறுத்தவரை, ஏற்றுக்கொள்வதற்கு முன் அவர்களின் பழைய இதழ் ஒன்றின் பிடிஎஃப்பைத் திறந்து ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். ஒரு நிமிட வேலை. தமிழாகவே ஒட்டினால் சரி. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அச்சுக் கோத்திருந்தால், திரையில் ‘தமிழ்’ என்று தெரிவது கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்ற ஐந்து ஆங்கில விசைகளாகத்தான் இருக்கும். கூகுள் ஸ்காலரில் யாராவது ‘தமிழ்’ என்று தேடினால் அந்தக் கட்டுரை வராது; ஜே-கே-பி-ஓ என்று யாரும் தேடப் போவதில்லை. தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது 2010-இல். அச்சகங்கள் பல இன்னும் ஏற்கவில்லை. இன்னொரு வகைக் கோளாறு, யூனிகோடில் கோத்தும் பிடிஎஃப் ஆக்கும்போது ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் குதித்துவிடுவது. ‘கொடுவா’ தேடலில் சிக்காமல் போக இது போதும். இதழ்க்காரர்களிடம் பணிவாகச் சொல்லி, பிடிஎஃப்போடு சேர்த்து வலைப்பக்க வடிவிலும் போடக் கேளுங்கள். முடியாது என்றால், ஏற்கப்பட்ட கையெழுத்துப் படியை நீங்களே யூனிகோடில் சனோடோவில் வைக்க அனுமதி வாங்குங்கள்.

மதிப்பாய்வு பற்றியும் கேளுங்கள். தமிழில் விலங்கியல் கட்டுரையை மதிப்பாய்வு செய்யக்கூடியவர்கள் கொஞ்சம் பேர், அவர்களில் பலர் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். பல இதழ்களில் ஒரு தமிழ்ப் பேராசிரியர் பார்த்துச் சந்திப் பிழை திருத்துவதோடு மதிப்பாய்வு முடிந்துவிடுகிறது. மீனியல் தெரிந்தவர் ஒருவர், வட்டார வழக்கு தெரிந்தவர் ஒருவர் என இருவரை நீங்களே முன்மொழியலாம். உங்கள் கைடும் கூட்டு ஆசிரியர்களும் அதில் வரக் கூடாது. புதுச்சேரியில் 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு நிறுவனம், அங்கேயே உள்ள மொழியியல் பண்பாட்டு ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களில் வட்டார வழக்கைப் படித்தவர்களைத் தேடலாம்; பேருந்தில் ஒரு மணி நேரத் தொலைவுதான்.

இப்போது உங்கள் நேர்க் கேள்வி: ஒரே கட்டுரை இரண்டு மொழியில். சொல்லாமல் செய்தால் தவறு. சொல்லிச் செய்தால் முறையானது. மருத்துவ இதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு வகுத்த நெறிமுறையில் இதற்கு ‘ஏற்கத்தக்க இரண்டாம் வெளியீடு’ என்று தனிப் பிரிவே உண்டு. பிற துறை இதழ்களிடமும் இதையே எடுத்துக்காட்டி அனுமதி கேட்கலாம். இரண்டு இதழ்களின் ஆசிரியர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டாவது எப்போது வரலாம் என்பதை அவர்கள் இருவரும் உங்களோடு பேசி முடிவு செய்ய வேண்டும். இரண்டாவது வேறு வாசகர்களுக்கானதாக இருக்க வேண்டும்; தரவும் முடிவும் மாறக் கூடாது; தலைப்பிலும் அடிக்குறிப்பிலும் இது மறுவெளியீடு என்றும் முதல் கட்டுரை எங்கே வந்தது என்றும் தெரிய வேண்டும். தன்விவரக் குறிப்பில் இரண்டையும் ஒரே எண்ணின் கீழ் எழுதுங்கள். தமிழையும் ஆங்கிலத்தையும் ஒப்பிட்டு மென்பொருள் கண்டுபிடிக்காது என்ற தைரியத்தில் இரண்டு கட்டுரையாகக் கணக்குக் காட்டுபவர்கள் இருக்கிறார்கள்; நேர்காணல் குழுவில் இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் உட்கார்ந்தால் போதும். ஒழுங்காகச் செய்தால் யுஜிசி 2018 அட்டவணையிலேயே மொழிபெயர்ப்புக்கு, கட்டுரை அல்லது அத்தியாயம் ஒன்றுக்கு 3 புள்ளி என்று ஒரு வரி இருக்கிறது. உங்கள் கைடுக்கு அதைக் காட்டுங்கள்.

பதிப்புரிமைப் படிவத்தில் அவசரமாகக் கையெழுத்துப் போடாதீர்கள். முழு உரிமையையும் எழுதிக்கொடுத்துவிட்டால் மொழிபெயர்க்கும் உரிமையும் அதோடு போய்விடும். உங்கள் கட்டுரையை நீங்கள் தமிழாக்கப் பதிப்பகத்திடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கும். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் பெயர் குறிப்பிட்டால் போதும் என்ற வகை மொழிபெயர்ப்பை அனுமதிக்கும். ‘வழிநூல் கூடாது’ என்ற சொல் சேர்ந்த வகை அனுமதிக்காது. சந்தா வழியில் போகிறீர்கள் என்றால், கையெழுத்துக்கு முன்பே ‘தமிழ் மொழிபெயர்ப்பு உரிமையை ஆசிரியர் வைத்துக்கொள்கிறார்’ என்று ஒரு வரி சேர்க்க முடியுமா என்று மின்னஞ்சலில் கேளுங்கள். கேட்பதால் ஏற்பு ரத்தாகாது.

முதல் அத்தியாயத்தைத் தமிழாக்கும்போது கை வைக்கக் கடினமான இடம் இரண்டு. ஒன்று, புள்ளியியல். ‘குறிப்பிடத்தக்க வேறுபாடு’ என்று எழுதினால் ‘பெரிய வேறுபாடு’ என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். ‘உண்மையில் வேறுபாடே இல்லாதிருந்தால், இந்த அளவு வித்தியாசம் தற்செயலாகத் தெரியும் வாய்ப்பு 5 விழுக்காட்டுக்கும் குறைவு’ என்று முதல்முறை விரித்து எழுதிவிட்டு, அதற்கு ஒரு சொல்லை நிறுத்திக்கொண்டு, கடைசிவரை அதையே பயன்படுத்துங்கள். கலைச்சொல்லுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தொகுப்பும் சொற்குவையும் உதவும். இலங்கை வாசகரும் படிப்பார். நமக்கு வேதியியல், அவர்களுக்கு இரசாயனவியல். முதல்முறை வரும்போது இரண்டையும் சொல்லிவிட்டால் வம்பில்லை. இயந்திர மொழிபெயர்ப்பை முதல் வரைவுக்கு வைத்துக்கொள்ளலாம், நம்ப வேண்டாம். ஆங்கிலத்தில் ஈயத்துக்கும் ‘வழிநடத்து’ என்ற வினைக்கும் ஒரே எழுத்துக்கூட்டு. ‘மீனில் தலைமை அதிகம்’ என்று அச்சானால் சிரிப்பதற்கு நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இரண்டாவது இடத்தில் சிரிக்க முடியாது. உங்கள் அத்தியாயத்தில் அளவுகள் உலர்எடைக்குத்தான் (காயவைத்த மீனின் எடைக்கு) இருக்கும் என்று நினைக்கிறேன். அறிவியல் கட்டுரைகளில் அது வழக்கம். உணவுப் பாதுகாப்பு வரம்புகளோ சந்தையில் வாங்கும் ஈர மீனுக்கு வைத்தவை. மீன் சதையில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். பன்னாட்டு உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பு மீனில் ஈயத்துக்கு வைத்த உச்ச அளவு கிலோவுக்கு 0.3 மில்லிகிராம். உங்கள் மடவைச் சதையில் உலர்எடைக்கு 1.0 வந்தது, ஈரப்பதம் 78 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம்: 1.0-ஐ 0.22-ஆல் பெருக்கினால் ஈரஎடைக்கு 0.22. வரம்புக்குள் இருக்கிறது. ஆங்கிலக் கட்டுரையைப் படிக்கும் துறைக்காரர் இதைத் தானே போட்டுக்கொள்வார். தமிழில் 1.0 என்று மட்டும் எழுதினால், யாரோ 0.3-ஓடு ஒப்பிட்டு ‘மூன்று மடங்கு விஷம்’ என்று செய்தி போடுவார். மறுநாள் முதுநகரில் மடவை விலை போகாது. தமிழ் வடிவத்தின் அட்டவணையில் ஈரஎடையை முதலில் போடுங்கள், எந்த ஈரப்பதத்தைக் கொண்டு மாற்றினீர்கள் என்பதையும் போடுங்கள். ஈரலும் சதையும் தனித்தனி வரி. ஈரலில் கூடுதலாக இருப்பது இயல்பு, ஈரலை நம் ஊரில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்பது வேறு கேள்வி. ஈரஎடைக்கும் வரம்பைத் தாண்டியிருந்தால் அதையும் அப்படியே எழுதுங்கள். விலை விழும் என்று எண்ணை மறைக்க உங்களுக்கு உரிமையில்லை. தவறான அலகில் எழுதி விலையை விழவைக்கவும் இல்லை.

இரண்டு மொழியிலும் உங்கள் பெயர் ஒரே ஆளாகத் தெரிய ஆர்க்கிட் என்ற ஆய்வாளர் அடையாள எண் எடுங்கள், இலவசம். தலைப்பெழுத்தை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா, விரிப்பதா என்று இன்றே முடிவு செய்து கடைசிவரை மாற்றாதீர்கள். இல்லாவிட்டால் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகி, உங்கள் கட்டுரைகள் அவர் பெயரில் சேர்ந்துவிடும்.

படகு கொடுத்தவர்களுக்கு ஆய்விதழ் எந்த மொழியில் இருந்தாலும் உதவாது. அவர்களுக்கு ஏ4 தாளில் ஒரு பக்கம், எழுத்து 14 புள்ளி, இடங்களை அவர்கள் சொல்லும் பெயரால் குறித்து, ஈரஎடைக் கணக்கில். ஆங்கிலக் கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு கொடுங்கள். மதிப்பாய்வில் எண்கள் மாறினால் கொடுத்த தாளைத் திரும்ப வாங்க முடியாது. கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகுகள் கரையில் இருக்கும், ஆட்கள் வலை பின்னிக்கொண்டு இருப்பார்கள். அப்போது பெயர் அட்டவணையையும் அச்செடுத்துக் கொண்டுபோய், ஒரு பேனாவோடு கொடுத்துவிட்டு வாருங்கள். மாலையில் போய் வாங்கும்போது ஓரத்தில் எழுதியிருப்பதையெல்லாம் சேர்த்தபிறகு தமிழ் இதழுக்கு அனுப்புங்கள்.